மூடினால் மின்னும் இமை

சாப்பாட்டு மேஜையின் நடுவில் அந்தக் கண்ணாடிக்கூடு கிடந்தது. போன வாரம் பெரிய நாத்தனார் சூனிம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. மிஹியாங் அதைத் தொடவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. அன்றிலிருந்து சோறும் கிம்ச்சியும் அதைச் சுற்றித்தான் பரிமாறப்பட்டன.

சியோலிலிருந்து முதல் ரயிலில் வந்திறங்கிய மகள் சேரோம், தோள்பையைக் கூடக் கழற்றாமல் அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே முகத்தில் பாதியை விழுங்கும் அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி.

“யாருக்கும்மா இது? அப்பா வெல்டிங் பட்டறை வைக்கப் போறாரா?”

“எனக்குத்தான். மத்தியானம் சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி இதைப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காரணுமாம். உங்க அத்தை உத்தரவு.”

சொல்லி முடிப்பதற்குள் மிஹியாங்கின் இடது கண் தானாக மூடித் திறந்தது.

ஏப்ரலில் ஒரு காலை, வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக வழிந்ததில் ஆரம்பித்தது இது. நிமிர்ந்து பார்த்தால் பாதி முகம் விழித்திருந்தது, பாதி முகம் தூங்கியது. மாத்திரை, ஊசி வைத்தியம், வெந்நீர் ஒத்தடம் என்று கோடை முழுக்க ஓடியது. வாய் மெல்ல நேராகிவிட்டது. ஆனால் நரம்பு திரும்ப வளரும்போது தடம் மாறிவிட்டது என்றார் டாக்டர். வாய்க்குப் போகிற சேதி கண்ணுக்கும் போய்விடுகிறது. பேசினாலோ, சிரித்தாலோ, எதையாவது மென்றாலோ இடது இமை இறங்கிவிடும்.

விஷயம் தெரியாதவர்கள் அதைக் கண்ணடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். மீன்கடைக்காரர் ஒருநாள் எடைக்கு மேல் இரண்டு கானாங்கெளுத்தியைப் போட்டுவிட்டுக் காது சிவந்து நின்றார். குடியிருப்புக் காவலாளியோ அவள் வருவதைக் கண்டாலே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் மிஹியாங்கும் சிரித்தாள். பிறகு சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். வட்டார மன்றத்தில் அவள் நடத்திய பாட்டு வகுப்புக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். தேகு நகரத்துப் பெண்கள் அறுபது பேரைக் கைதட்ட வைத்து, ஆட வைத்து, அழ வைத்த தொண்டை, தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் பின்னால் ஆறு மாதமாக மூடிக் கிடந்தது.

“அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலையா?” என்று சேரோம் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சாங்பே தன் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஷூதான்.

“அக்கா நம்ம நல்லதுக்குத்தான் சொல்லும்.”

“உங்க நல்லதுக்கா, அம்மா நல்லதுக்கா?”

அவர் ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சாங்பேயைக் குறைசொல்லியும் பயனில்லை. தாய் தகப்பன் போன பிறகு, பதினாறு வயதில் நெசவு ஆலைக்குப் போய் அவரைப் படிக்கவைத்தவள் சூனிம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கடனை எப்படி அடைப்பது என்று தெரியாமல், அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே அவருக்கு வயதாகிவிட்டது.

“சரி, கிளம்பு,” என்றாள் மிஹியாங் மகளிடம். “சம்பந்தி வீட்டுக்கு அரிசிக் கேக் பெட்டி வாங்கணும். பெரிய கடையிலதான் நல்லாக் கட்டித் தருவாங்க.”

“கண்ணாடி?”

“அதுபாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கா பசிக்கப்போகுது?”

பெரிய கடையில் தின்பண்டங்கள் நிலவறைத் தளத்தில். அங்கே இறங்க வேண்டுமென்றால் தரைத்தளத்து அழகுச்சாதனக் கடைகளைக் கடந்தாக வேண்டும். முன்பெல்லாம் மிஹியாங் அந்த வழியாக ஆடி அசைந்து, இரண்டு மணிக்கட்டிலும் நாலு வாசனையைப் பூசிக்கொண்டுதான் போவாள். இந்த ஆறு மாதத்தில் இன்றுதான் வருகிறாள். எங்கே திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

நடந்தவள் நின்றாள்.

ஒரு மேடையில் சின்னச் சின்னக் குப்பிகளாக ஐ ஷேடோ திறந்து வைக்கப்பட்டிருந்தது. மேலே இருந்த விளக்கு நேராக அவற்றின் மீது விழுந்தது. எல்லாம் அழகுதான். ஆனால் நடுவரிசையில் ஒன்று, சும்மா இருக்கமாட்டேன் என்றது. வறுத்த எள்ளின் நிறம். அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்தால் பொன். இன்னும் கொஞ்சம் சாய்த்தால், மழை நின்ற தெருவில் எண்ணெய் படர்ந்தது போல ஓர் ஊதா.

“அம்மா, கேக் கடை கீழே,” என்றாள் சேரோம்.

“தெரியும்.”

கறுப்புச் சட்டை போட்ட விற்பனைப் பெண் வந்துவிட்டாள். “பூசிப் பாக்கறீங்களாம்மா? உக்காருங்க. வாங்கணும்னு இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தையை எல்லா இடத்திலும் சொல்வார்கள். மிஹியாங் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். முகக்கவசத்தையும் கழற்றினாள்.

அந்தப் பெண் இரண்டு நொடி பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் மேஜையின் மறுகோடியிலிருந்து வேறொரு குப்பியை எடுத்தாள். “உங்களுக்கு இது நல்லா இருக்கும்மா. மினுக்கு இல்லாத பழுப்பு. உங்க வயசுக்கு மினுக்குப் போட்டா சுருக்கத்துல போய் உக்காந்துக்கும். இது மறைச்சுக் குடுக்கும்.”

“எதை?”

“ம்?”

“எதை மறைச்சுக் குடுக்கும்?”

பெண் தடுமாறினாள். மிஹியாங்கின் இடது கண் அதற்குள் இரண்டு முறை மூடித் திறந்திருந்தது.

“எனக்கு மறைக்கறது வேணாம்மா,” என்றாள் மிஹியாங். “அதோ, அது. நடுவுல இருக்கறது.”

சேரோம் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவின் காதருகே குனிந்தாள். “அம்மா, இந்த டப்பா விலைக்கு நான் ஒரு மாசம் வெளியே சாப்பிடலாம்.”

“வீட்டுல சமைச்சுச் சாப்பிடு. உடம்புக்கு நல்லது.”

பெண் பஞ்சில் எதையோ தொட்டு இமைகளைத் துடைத்தாள். பிறகு பசை மாதிரி ஒன்றை மெல்லிசாகத் தடவினாள். “கண்ணை மூடிக்குங்க. பேசாம இருங்கம்மா, ஆடுது.”

“பேசாம இருந்தா ஆடாது. ஆனா பேசினா இந்தக் கண்ணு தானா மூடிக்கும். உனக்கு எது வசதி?”

பெண் இந்தமுறை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். “அப்ப பேசுங்க. இந்தப் பக்கம் பூசற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க.”

மிஹியாங் பேசினாள். என்ன பேசினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. மகனுக்குப் பெண் பார்த்தது, பெண்ணின் பெயர் போம் என்பது, இன்று மத்தியானம் இரு வீட்டாரும் முறையாகச் சந்தித்துச் சாப்பிடப்போவது. தூரிகை பூனைவால் போல இமையில் வருடியது. முதல் பூச்சு திட்டுத்திட்டாக நின்று, பாதிப் பொன் கன்னத்தில் உதிர்ந்தது. பெண் அதைத் தட்டிவிட்டு, தூரிகையை ஓரமாக வைத்தாள்.

“இதுக்கு விரல்தான் சரிப்படும். உடம்புச் சூடு பட்டாத்தான் ஒட்டும். நீங்களே பண்ணிப் பாக்கறீங்களா?”

மிஹியாங் மோதிரவிரலைக் குப்பியில் அழுத்தினாள். தூள் என்று நினைத்தாள், வெண்ணெய் போல இறங்கியது. கைக்கண்ணாடியை வாங்கி முகத்தருகே பிடித்துக்கொண்டு, இடது இமையில் விரலை வைத்து மெல்லத் தட்டினாள். ஆறு மாதமாக அந்த இமையை அவள் தொட்டதெல்லாம் மருந்து போடத்தான், ஒத்தடம் கொடுக்கத்தான், ‘ஏறு, ஏறு’ என்று கெஞ்சத்தான்.

“எப்படி இருக்கு?” என்று சேரோமிடம் கேட்டாள்.

கேட்டதும் இடது இமை இறங்கியது. திறந்திருந்த வலது கண்ணால் அவள் அதை முழுதாகப் பார்த்தாள். மூடிய இமை, புருவத்தடியிலிருந்து இமைமயிர் வரை, விளக்கொளியில் தகதகத்தது. பொன், எள்நிறம், அந்த ஊதா. கண் திறந்திருக்கும்போது மடிப்புக்குள் ஒளிந்துகொள்வது, மூடினால்தான் முழுதாக வெளியே வருகிறது.

மிஹியாங் வேண்டுமென்றே சிரித்தாள். மின்னியது. வாயைக் குவித்தாள். மின்னியது.

“ஏம்மா, ஒண்ணு சொல்லட்டுமா?” சேரோம் தயங்கினாள். “ரொம்ப அழகா இருக்கு. ஆனா... இன்னிக்கு வேணாமே. அந்தப் பழுப்பு போதும். நீ வாயைத் திறக்கிற ஒவ்வொரு வாட்டியும் எல்லாரும் அந்தக் கண்ணைத்தான் பாப்பாங்க.”

மகளே அப்படிச் சொன்னது சுருக்கென்றது. வெல்டிங் பட்டறை என்று கேலி பேசிய அதே மகள்.

“இப்ப மட்டும் வேற எதைப் பாக்கறாங்க?” என்றாள் மிஹியாங். “மீன்கடைக்காரன் பாக்கறான். லிஃப்டுல சின்னப் பிள்ளைங்க பாக்குதுங்க. நீகூட ரயில்லேர்ந்து வந்ததும் முதல்ல அதைத்தான் பாத்த, அப்புறம்தான் என்னைக் கட்டிக்கிட்ட. பாக்கறதுன்னு ஆயிடுச்சு. நல்லதாப் பாத்துட்டுப் போகட்டும்.”

மிஹியாங் விற்பனைப் பெண்ணிடம் திரும்பினாள். “வலது பக்கமும் இதையே பூசு. கஞ்சத்தனம் பண்ணாதே.”

கடை வாசலில் மகன் தேக்யோம் காரோடு காத்திருந்தான். முன்சீட்டில் சாங்பே. மிஹியாங்கும் சேரோமும் கேக் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். கார் நகர்ந்து சிக்னலில் நின்றபோது தேக்யோம் மேலே இருந்த கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான்.

“என்னம்மா இது?”

“ஐ ஷேடோ.”

“அது தெரியுது. கறுப்புக் கண்ணாடி எங்கே?”

“மேஜை மேல.”

“இல்ல,” என்றார் சாங்பே. கோட்டுப் பையிலிருந்து அந்தக் கூட்டை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார்.

மிஹியாங் அதை வாங்கவில்லை. சிக்னல் மாறி, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். தேக்யோம் காரை ஓரங்கட்டினான்.

“அம்மா, நான் அவங்க வீட்டுல வேற சொல்லி வெச்சிருக்கேன்.”

“என்ன சொன்னே?”

“கண்புரை ஆபரேஷன் ஆயிருக்குன்னு. கொஞ்ச நாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாங்கன்னு.”

சூனிமின் கொடுக்கு மிஹியாங்குக்குப் பழகியது, கணவரின் மௌனமும் பழகியது. இது புதுசு. காய்ச்சல் வந்தால் இவள் மடியை விட்டு இறங்காத பிள்ளை.

“போம்கிட்ட?”

தேக்யோம் ஸ்டியரிங்கையே பார்த்தான்.

“அந்தப் பொண்ணுகிட்டயும் அதான் சொன்னியா?”

“பக்கவாதம்னு நினைச்சிடுவாங்கம்மா. பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. அத்தைதான் சொன்னாங்க, கல்யாணம் முடியற வரைக்கும்...”

“ஆபரேஷன்னு சொன்னது அத்தை வாயா, உன் வாயா?”

“...என் வாய்தான்.”

“அந்த வாய்க்கு ஒரு நோவும் வரல. நேராத்தான் இருக்கு.”

தேக்யோமின் காதுமடல் சிவந்தது. “ஒரே ஒரு நாள்தானேம்மா. ஒரு மத்தியானம். எனக்காகப் போட்டுக்கயேன்.”

எனக்காக என்ற சொல்லுக்கு மிஹியாங் எத்தனையோ செய்திருக்கிறாள். இந்த நிமிடம்கூட, கை தன்னால் அந்தக் கூட்டை நோக்கிப் போகப் பார்த்தது. போனால் மகன் முகம் மலர்ந்துவிடும், கணவர் நிம்மதியாக மூச்சு விடுவார், எல்லாம் சுமுகமாக முடியும். அடுத்து நிச்சயம். அப்புறம் கல்யாணப் புகைப்படம். அதற்கு ஒரு கண்ணாடி. பேரப்பிள்ளை பிறந்தால் அதைத் தூக்க ஒரு கண்ணாடி.

“உனக்காக நான் மத்தியானம் ஒழுங்காப் பேசறேன்,” என்றாள். “மத்தவங்களைச் சாப்பிடச் சொல்றேன். உன் சின்ன வயசுக் கதையெல்லாம் எடுத்து மானத்தை வாங்காம இருக்கேன். ஆனா மறைஞ்சு உக்கார மாட்டேன். அவங்களும் நம்மளைப் பாக்கத்தானே வர்றாங்க? பாக்கட்டும்.”

பிறகு கணவர் கையிலிருந்த கூட்டைத் தள்ளிவிட்டாள். “வெயில் உங்க மூஞ்சியிலதான் அடிக்குது. நீங்க போட்டுக்குங்க.”

சாங்பேக்கு என்ன தோன்றியதோ, கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சேரோம் குபீரென்று சிரித்தாள். தேக்யோம் சிரிக்காமல் காரை எடுத்தான்.

சூசோங் ஏரிக்கரையில் அந்த உணவகம். பெண்வீட்டார் கியோங்ஜுவிலிருந்து வரவேண்டும், இன்னும் வரவில்லை. தனியறையில் நீளமான மேஜை, பக்கத்துக்கு ஐந்து நாற்காலி. அப்பாவுக்கு எதிரே அப்பா, அம்மாவுக்கு எதிரே அம்மா என்பது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாத முறை. அம்மாவின் நாற்காலியில் சூனிம் உட்கார்ந்திருந்தாள். சாம்பல்நிறப் பட்டுக் கோட்டு, கழுத்தில் முத்து, மடியில் கோத்த கைகள்.

மிஹியாங்கைப் பார்த்ததும் அவள் வாய் ஒருமுறை திறந்து மூடியது.

“என்ன கோலம் இது, தேக்யோம் அம்மா? சம்பந்தம் பேச வந்தியா, இல்ல திருவிழா மேடைல பாட வந்தியா?”

“மேடைல பாடினவதானே அண்ணி நான்?”

“கண்ணுல ஜிகினாவை அப்பிக்கிட்டு... அறுபதாகப் போகுது உனக்கு. ஏற்கெனவே அந்தக் கண்ணு போறவன் வர்றவனையெல்லாம் கூப்பிடுது. இதுல விளக்கு வேற மாட்டி விட்டிருக்க!”

மிஹியாங் நாற்காலியின் முதுகில் கைவைத்தாள். “அண்ணி, இது என் இடம். கொஞ்சம் எழுந்திருங்க.”

“நான் உக்காந்தா என்ன? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ அந்த ஓரத்துல உக்காரு. பேச்சை நான் பாத்துக்கறேன். எதிர்ல இருக்கற பொம்பளையைப் பாத்து நீ கண்ணடிச்சுக்கிட்டே சோறு தின்னா, குடும்பத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?” சூனிமின் குரல் ஏறியது. “இந்தக் குடும்பத்தை யாரு தூக்கி நிறுத்தினது? என் வயசுப் பொண்ணுங்க கட்டிக்கிட்டுப் போனப்ப, நான் பஞ்சுத் தூசியை முழுங்கிக்கிட்டு இருந்தேன். இவன் படிப்பு, இவன் வேலை, எல்லாம் என் நெஞ்சுச் சளி. ஒரு மத்தியானம், ஒரு நாற்காலி, அதுகூட எனக்குக் கூடாதா?”

கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்தது. மிஹியாங் அதைக் கவனித்தாள். இத்தனை வருஷத்தில் இவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை, எடுத்துக்கொண்டுதான் பழக்கம். ஒரு கணம் மனம் இளகியது.

இளகினாலும், நாற்காலி நாற்காலிதான்.

“நீங்க வளத்தது இவங்கப்பாவை,” என்றாள் தணிந்த குரலில். “அதை நான் ஒருநாளும் இல்லேங்கல. அவர் பக்கத்துல, அந்தப் பக்கம் உக்காருங்க. உங்களுக்கு உண்டான மரியாதை உங்களுக்கு. ஆனா தேக்யோமைப் பெத்தவ நான். அவனோட மாமியார்க்காரி முன்னாடி அவனைப் பெத்தவ மூஞ்சி இருக்கணும்.”

“இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டா?”

“இந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான். என்கிட்ட வேற இல்ல.”

வெளியே தாழ்வாரத்தில் காலடிச் சத்தமும், ‘இந்தப் பக்கம் வாங்க’ என்ற பணிப்பெண்ணின் குரலும் கேட்டன. சூனிம் தம்பியைப் பார்த்தாள். சாங்பே இன்னும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் யாரைப் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

சூனிம் எழுந்து, தம்பிக்கு மறுபக்கம் இருந்த நாற்காலிக்கு மாறினாள்.

பெண்ணின் அப்பா உயரமானவர், ஒல்லியானவர், குனிந்தே பழகியவர். அம்மா குட்டையாக, உருண்டையாக, எதையும் தவறவிடாத கண்களோடு வந்தாள். போம் அவர்களுக்கு நடுவில் கையில் பூங்கொத்தோடு நின்றாள். குனிந்து வணங்கினார்கள், இவர்கள் பதிலுக்கு வணங்கினார்கள், அவர்கள் மறுபடி வணங்கினார்கள். எல்லாரும் உட்கார்ந்தபோது கடற்சிப்பிக் கஞ்சி வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா கரண்டியை எடுத்து, கீழே வைத்தார். “சம்பந்தியம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு மாப்பிள்ளை சொன்னாரு. இப்ப எப்படி இருக்கு? கட்டுகூடப் போடலையே?”

தேக்யோம் தண்ணீர்க் குவளையை இறுகப் பிடித்தான். சூனிம் முந்திக்கொண்டாள். “ஆமாங்க, இப்ப எல்லாம் தேவலை. டாக்டர்...”

“ஆபரேஷன் எதுவும் நடக்கலைங்க,” என்றாள் மிஹியாங்.

அவள் குரல் அந்தச் சின்ன அறைக்குக் கொஞ்சம் பெரியதாகவே இருந்தது. அறுபது பேருக்குக் கேட்கப் பழகிய குரல். இடது இமை இறங்கி, பொன் தகதகத்து, மேலே போனது.

“ஏப்ரல் மாசம் எனக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பக்கவாதம் இல்ல, முகத்து நரம்பு. முக்காவாசி சரியாயிடுச்சு. இது மட்டும் மிச்சம். பேசினா, மென்னா, கண்ணு மூடிக்கும். நான் யாரையும் கேலி பண்ணல, கூப்பிடவும் இல்ல. பரம்பரையாவும் வராது. ஆபரேஷன்னு சொன்னது எங்க பிள்ளையோட கூச்சம். அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். முகத்துக்குக் கேட்க மாட்டேன்.”

கஞ்சியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. போம் தேக்யோமின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

“என்கிட்டயும் ஆபரேஷன்னுதானே சொன்னீங்க? வீக்கம் வடியட்டும்னு நான் பூசணிச் சாறெல்லாம் வாங்கி அனுப்பினேனே.”

“போம், அது வந்து...”

“அப்புறம் பேசிக்கலாம்,” என்றாள் அவள். அந்த அப்புறம் அவ்வளவு சுலபமாக முடியப்போவதில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

பெண்ணின் அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து மிஹியாங்கின் முகத்தைப் பார்த்தாள். சம்பிரதாயத்துக்குப் பார்ப்பது போல இல்லை, துணிக்கடையில் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“அப்பாடா,” என்றாள். “உள்ளே வந்ததுலேர்ந்து நீங்க எனக்குக் கண்ணைக் காட்டிக்கிட்டே இருந்தீங்க. ‘இந்தப் பக்கத்து ஆளுங்களை நம்பாதே’ன்னு ஏதோ சைகை பண்றீங்கன்னு நினைச்சுட்டேன்.”

பெண்ணின் அப்பாவுக்குப் புரையேறியது. சேரோம் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஹியாங்குக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்தில் வெளியாள் முன்னால் அவளை மீறி எழுந்த முதல் சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. கண் மூடி மூடித் திறந்தது. மின்னி மின்னி அடங்கியது.

“இது என்ன நிறம்?” என்று கேட்டாள் பெண்ணின் அம்மா. “பொன்னுன்னு பாத்தா ஊதாவா இருக்கு.”

“காலையிலதான் வாங்கினேன். பையில இருக்கு. சாப்பிட்டதும் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. விரலால தடவணும்.”

“என் கண்ணுக்கெல்லாம் எடுக்குமா? இமையில மடிப்பே இல்லையே.”

“நீங்க சும்மா மூடிக் காட்டுங்க, எடுக்கும்.”

விலா இறைச்சி வந்தது. ஒன்பது அறையில் ஒன்பது பண்டம் வைத்த தட்டு வந்தது. மிஹியாங் எலும்பைக் கையில் எடுத்துத் திருப்தியாக மென்றாள். மெல்ல மெல்ல இமை இறங்கி ஏறியது. அவள் தலையைக் குனியவில்லை. சாங்பே எப்போதோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மனைவியின் தட்டில் ஒரு கறித்துண்டை எடுத்து வைத்தார். எதற்காக என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட்டாள்.

சூனிம்தான் சாப்பிடவில்லை. சந்தோஷமோ கோபமோ, எதிலும் கரண்டியைக் கீழே வைக்காதவள் அவள். பெண்ணின் அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றே மிஹியாங் நினைத்தாள்.

பழத்தட்டு வந்தபோது பெண்ணின் அம்மா கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

“சம்பந்தியம்மா, மறைக்காமப் பேசறவங்களா இருக்கீங்க. அதனால நானும் மறைக்காமக் கேட்டுடறேன். இங்க வரலாமா வேணாமான்னு எங்க வீட்டுல ரெண்டு நாள் சண்டை. போமுக்குக்கூடச் சொல்லல.”

“என்னம்மா?” என்றாள் போம்.

“போன வாரம் எங்க வீட்டுக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. தேக்யோமோட அம்மா பேசறேன்னு சொன்னாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. பேசினதுல பாதி என்னால பொறுக்க முடியல.” அவள் மிஹியாங்கின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆனா வந்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். உங்க குரல் அந்தக் குரல் இல்ல.”

கிண்ண விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

தேக்யோம் அத்தையைப் பார்த்தான். சேரோம் அத்தையைப் பார்த்தாள். சாங்பே, வாழ்நாளில் முதல்முறையாகத் தரையைப் பார்க்காமல், அக்காவின் முகத்தையே பார்த்தார். அந்த முகம் மெழுகு போல வெளுத்திருந்தது.

இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது இத்தனை வருஷமும் மிஹியாங்கின் வேலையாக இருந்தது. ‘லைன் சரியில்லாம இருந்திருக்கும்’ என்று ஒரு வார்த்தை போதும். கணவர் முகம் அதைத்தான் கேட்டது. சூனிமின் முகமும், வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, அவளிடம் ஒன்றைக் கேட்டது.

மிஹியாங் கையிலிருந்த பேரிக்காய்த் துண்டைத் தட்டில் வைத்தாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இல்லைங்க, அது நான் இல்ல,” என்றாள். “சொல்லுங்க சம்பந்தியம்மா. என் பேரைச் சொல்லி என்னதான் பேசினாங்கன்னு நானும் முழுசாக் கேட்டுக்கறேன்.”